வெயிலில் பொய் சொன்ன கருவி

ராக்கப்பனுக்குச் சுகர் இருப்பது துபாயில் மூன்றே பேருக்குத்தான் தெரியும். அறையில் அவருடைய கட்டிலுக்கு மேல்கட்டிலில் படுத்த அருள்ராஜுக்கு, அல் குசைஸில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் கிளினிக் வைத்திருந்த மலையாளி டாக்டருக்கு, அந்தக் கிளினிக்கின் நர்ஸ் நஸீஹாவுக்கு. வேலை பார்த்த கம்பெனிக்குத் தெரியாது. தெரிந்துவிடக் கூடாது என்றுதான் அவர் கம்பெனி கொடுத்த இன்ஷூரன்ஸ் அட்டையை வெளியே எடுக்காமல், கைக்காசைப் போட்டு வைத்தியம் பார்த்துவந்தார்.

சாரம் கட்டுவது அவருடைய வேலை. கட்டடம் எழும்ப எழும்ப அதைச் சுற்றி இரும்புக் குழாயும் பலகையுமாக ஏற்றிக்கொண்டு போவார்களே, அந்த வேலை. கமுதிக்குத் தெற்கே உள்ள ஊரிலிருந்து ஹெல்பராக வந்தவர், பதினான்கு வருஷத்தில் எட்டுப் பேரை வைத்து வேலை வாங்கும் இடத்துக்கு உயர்ந்திருந்தார். ஆனால் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவை, உயரத்தில் ஏற உடம்பு தகுதியாக இருக்கிறது என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட அட்டை வேண்டும். அந்தப் பரிசோதனைக்கு முந்தின இரண்டு நாளும் ராக்கப்பன் மோரையும் வெள்ளரிக்காயையும் தவிர வேறு எதையும் தொடமாட்டார். சுகர் உண்டா என்று கேட்டால், மாஃபி, இல்லை என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்.

முதலில் வெறும் மாத்திரையாக இருந்தது. நாற்பத்தொரு வயதில் இன்சுலினும் சேர்ந்துகொண்டது. பேனாவைப் போல இருக்கும் அந்த ஊசியை அறை ஃபிரிட்ஜில் ஒரு ஊறுகாய் டப்பாவுக்குள் வைத்திருந்தார். ஆறு பேர் இருந்த அறையில் அந்த டப்பாவை யாரும் திறந்ததில்லை. ராக்கப்பன் அண்ணனுக்கு ஊரிலிருந்து வருகிற ஊறுகாய் என்று அருள்ராஜ் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தான்.

நஸீஹா கீழக்கரைக்காரி. முதல் நாள் சீட்டில் கமுதி என்ற பெயரைப் பார்த்ததும் ஆங்கிலத்தை விட்டுவிட்டு, நம்ம ஜில்லாவா அண்ணே என்று கேட்டவள். மூன்று கோடைக்கு முன்னால், ஒரு மே மாசத்து ஞாயிற்றுக்கிழமை, அவள்தான் அந்தச் சோதனையைப் பற்றிச் சொன்னாள். கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் ஒன்றை இங்கேயே ஒரு சின்னக் கம்பெனி உருவாக்கிக்கொண்டிருக்கிறது. விரலைக் குத்தாமலே, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை உடம்பில் சுகர் எவ்வளவு என்று போனில் காட்டும். வெளிநாட்டிலிருந்து வருகிற சென்சார்கள் இந்த ஊர் வேர்வையிலும் சூட்டிலும் நிற்பதில்லை. அதனால் இந்த வெயிலுக்கென்றே ஒன்று செய்கிறார்கள். வெளிவேலை பார்க்கிற பதினான்கு பேரின் கையில் போட்டுப் பார்க்க வேண்டும். சோதனை முடிகிற வரைக்கும் மருந்தும் டாக்டரும் இலவசம்.

ஒப்புதல் தாள் ஆங்கிலத்தில், அரபியில், இந்தியில், உருதுவில், மலையாளத்தில் இருந்தது. தமிழில் இல்லை. நஸீஹா ஆங்கிலத் தாளை வரி வரியாகத் தமிழில் சொன்னாள். ராக்கப்பன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"இது எங்க கம்பெனிக்குப் போகுமா தாயி?"

"போகாதுண்ணே. ஒங்க பேரே எங்கயும் போகாது. நம்பர் மட்டுந்தான். நீங்க ஏழு."

கையெழுத்துப் போட்டார். ஒரு சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியது அது. மேல்கையின் பின்பக்கம் வைத்து அழுத்தியதும் எறும்பு கடித்த மாதிரி இருந்தது. அதன் நுனியில் மயிர் கனத்துக்கு ஒரு இழை தோலுக்கடியில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்றாள். கூடவே, கருவி சரியாகச் சொல்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நாளைக்கு எட்டுத் தடவை விரலைக் குத்தியும் பார்க்க வேண்டும். இரண்டு எண்களையும் எழுதித் தரச் சொல்லிக் கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்தாள்.

அந்தத் தாள் ராக்கப்பனுக்குப் போதவில்லை. தொழிலாளர்கள் தங்கும் கேம்பின் கடையில் நீளநோட்டு ஒன்று வாங்கினார். மணி, போனில் காட்டிய எண், விரலில் வந்த எண், அப்போது என்ன வேலை, நிழலா வெயிலா, என்ன சாப்பிட்டது, உடம்பு எப்படி இருந்தது என்று ஏழு பத்தி கோடு போட்டுக்கொண்டார். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவர். கையெழுத்து மட்டும் அச்சு மாதிரி இருக்கும். மற்றவர்கள் டீ பிரேக்கில் உட்கார்ந்திருக்கும்போது, இவர் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு விரலைக் குத்தி எழுதிவிட்டு வருவார். வேலைக்குப் போடும் கவரால் என்ற முழுக்கை உடுப்பு போட்டிருந்ததால் கையில் இருந்தது யார் கண்ணிலும் படவில்லை.

முதல் வாரத்திலேயே ஒன்று தெரிந்தது. காலையில் பத்துப் பத்தரைக்கு அவருக்குத் தலை கிறுகிறுத்து நாக்கு தடித்துப்போவது ஒரு வருஷமாகவே உண்டு. வெயில் என்று நினைத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அது வெயில் இல்லை, சுகர் இறங்கிப்போவது. விரலில் குத்தினால் அறுபத்தைந்து, அறுபது என்று வந்தது. அதிலிருந்து பையில் பேரீச்சம்பழம் வைத்துக்கொண்டார். இரண்டு பழம் வாயில் போட்டால் பத்து நிமிஷத்தில் தெளிந்துவிடும். இத்தனை நாள் அந்த நிலையில் சாரத்தின் நான்காம் தட்டிலும் ஐந்தாம் தட்டிலும் நின்றிருக்கிறோமே என்று நினைத்துக்கொண்டார். ஊருக்குப் பேசும்போது மனைவி நாகஜோதியிடம் இதையெல்லாம் சொன்னார். மெஸ் பரோட்டா தின்றால் போனில் கோடு எப்படி ஏறுகிறது, கொண்டைக்கடலை தின்றால் எப்படிப் படுத்துக்கிடக்கிறது என்று அவர் சொல்லச் சொல்ல அவள் சிரித்தாள். டாக்டருக்குப் படித்தவர் மாதிரிப் பேசுகிறீர்களே என்றாள்.

ஒட்டுதான் தொல்லை கொடுத்தது. மூன்றாம் நாளே வேர்வையில் கழன்று சட்டைக்கையோடு வந்துவிட்டது. சென்சார் கம்பெனி கொடுத்த பிளாஸ்டிக் பட்டையை மேலே ஒட்டினால் அதற்கடியில் வேர்வை தேங்கித் தோல் வெந்தது. ராக்கப்பன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சத்வாவுக்குப் பஸ் ஏறிப் போய், தெரிந்த தையல்காரரிடம் விளையாட்டுச் சட்டைக்கு உள்ளே வைக்கும் வெள்ளை வலைத்துணியில் கைப்பட்டை ஒன்று தைத்து வாங்கினார். சென்சார் இருக்கும் இடத்தில் மட்டும் வட்டமாக வெட்டிவிடச் சொன்னார். காற்றுப் போகும், வேர்வை வடியும், ஒட்டு அசையாது. பதினோரு நாள் நின்றது.

நஸீஹா அதைப் படம் எடுத்துச் சென்சார் கம்பெனிக்கு அனுப்பினாள். அடுத்த ஞாயிறே ஒரு இன்ஜினியர் அவரைப் பார்க்கக் கிளினிக்குக்கு வந்துவிட்டார். பெயர் ஸ்ரீகாந்த், கோயம்புத்தூர்க்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். கைப்பட்டையைத் திருப்பித் திருப்பிப் படம் எடுத்தார். நோட்டைப் பார்த்ததும் பக்கம் பக்கமாக அதையும் படம் எடுத்துக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம் கேள்வியாகக் கேட்டுத் தள்ளினார். பதினான்கு வருஷத்தில் படித்தவர் ஒருவர் ராக்கப்பனிடம் இத்தனை நேரம் உட்கார்ந்து கேட்டதில்லை.

"சார், இது விடியக்காலம் சரியாச் சொல்லுது. சாயங்காலம் ரூமுக்கு வந்தப்பெறகு சரியாச் சொல்லுது. ஒம்பதரைக்கு மேல வெயில்ல நின்னம்னா இல்லாத சுகரைக் காட்டுது. வெரல்ல தொண்ணூறு, இதுல நூத்தம்பது. எழுபது இருக்கும்போது நூத்தி முப்பதுங்குது."

ஸ்ரீகாந்துக்கு அது புதுச் செய்தி இல்லை போலிருந்தது, ஆனால் இத்தனை வித்தியாசம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இழையின் நுனியில் இருக்கும் ரசாயனம் சுகரோடு சேரும்போது துளியூண்டு மின்சாரம் வரும், அந்த மின்சாரத்தை அளந்துதான் கருவி எண் சொல்கிறது என்று விளக்கினார். சூடு ஏறினால் அந்தச் சேர்க்கை வேகமாக நடக்கும், மின்சாரம் கூடும், கருவி அதையும் சுகர் என்று எடுத்துக்கொள்ளும். சூட்டுக்கு இவ்வளவு என்று எண்ணில் கழிவு கொடுத்துத்தான் செய்திருக்கிறோம், ஆனால் அந்தக் கழிவை லேபில் வைத்துப் போட்டோம் என்றார். ராக்கப்பனுக்குச் சட்டென்று விளங்கியது. காலையில் கட்டிய குழாய் மத்தியானம் நீளும், அதற்கு இடம் விட்டுத்தான் கட்ட வேண்டும், எவ்வளவு விடுவது என்பது வெயிலில் நின்றவனுக்குத்தான் தெரியும் என்றார். ஸ்ரீகாந்த் அதைக்கூட எழுதிக்கொண்டார். போகும்போது கை கொடுத்து, "உங்க நோட்டு மாதிரி எங்களுக்கு லேப்ல ஒரு டேட்டாவும் கிடைக்கல. நிஜமாத்தான் சொல்றேன்" என்றார்.

அறைக்கு வந்து ராக்கப்பன் அதை அருள்ராஜிடம் இரண்டு தடவை சொன்னார்.

ஜூலை கடைசியில் சோதனையின் இரண்டாம் கட்டம் தொடங்கியது. ஸ்ரீகாந்தே வந்து போனில் புது மென்பொருளை ஏற்றிக் கொடுத்தார். பதினான்கு பேருக்கும் கம்பெனியே கைப்பட்டை செய்திருந்தது. ராக்கப்பனுடைய மாதிரிதான், ஆனால் கறுப்புத் துணி, கெட்டியாக, கம்பெனியின் முத்திரையோடு. இனி விரல் குத்த வேண்டாம், காலையில் ஒரு தடவை போதும் என்றார் ஸ்ரீகாந்த். ஒரு மனிதன் இந்தக் கருவியை மட்டும் நம்பி இருக்க முடியுமா என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டம். அதனால் விரல் ரத்தத்தை வைத்துப் பார்க்கும் ஸ்ட்ரிப்புகளும் நாளைக்கு ஒன்று வீதம்தான் தருவார்கள்.

ராக்கப்பன் கேட்டார். "வெயில்லயும் சரியாச் சொல்லுமா சார்?"

"சொல்லும். உங்க நோட்டை வச்சுத்தான் திருத்தியிருக்கோம். எழுபதுக்குக் கீழ போனா அலாரம் அடிக்கும்."

தன்னுடைய நோட்டை வைத்துத் திருத்தியது என்று சொன்ன பிறகு சந்தேகம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. கறுப்புப் பட்டையை இரண்டு நாள் போட்டுப் பார்த்தார். வெயிலை வாங்கிக் கை கொதித்தது. நஸீஹாவிடம் சொல்லிவிட்டுத் தன் வெள்ளைப் பட்டைக்கே திரும்பினார். அவளும் சரி என்றாள். அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம், ஒரு புதன்கிழமை. ஜபல் அலிப் பக்கம் ஒரு கிடங்குக் கட்டடத்தில் வேலை. விடியற்காலம் ஐந்தரைக்கே ஏறிவிட்டார்கள். பத்தே காலுக்கு நான்காம் தட்டில் நின்றிருந்தபோது ராக்கப்பனுக்கு விரல் முட்டிகளில் நடுக்கம் வந்தது. பழகிய நடுக்கம். போனை எடுத்துப் பார்த்தார். நூற்று முப்பத்தொன்று. பக்கத்தில் அம்பு படுத்தபடி இருந்தது, அதாவது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பையில் பேரீச்சம்பழம் இருந்தது. ஒரு மாசத்துக்கு முன்னால் என்றால் எண்ணைப் பார்க்காமலே இரண்டை வாயில் போட்டிருப்பார். நூற்று முப்பத்தொன்றில் பழம் தின்றால் ஏறிவிடும், சோதனையும் கெட்டுப்போகும் என்று நினைத்துத் தண்ணீரை மட்டும் குடித்தார்.

பத்து நிமிஷம் கழித்து அடுத்த கட்டுக்கு நகர்வதற்காக பாதுகாப்புப் பட்டையின் இரண்டு கொக்கிகளில் ஒன்றைக் கழற்றினார். அதை எதிர்க் குழாயில் மாட்ட வேண்டும். குழாய் இரண்டாகத் தெரிந்தது. எதில் மாட்டுவது என்று யோசித்தது மட்டும் பிற்பாடு அவருக்கு நினைவிருந்தது.

மாட்டியிருந்த மற்றக் கொக்கி தாங்கியது. இடது தோள் குழாயில் மோதி எலும்பு முறிய, பதினோரு மீட்டர் உயரத்தில் மூட்டை மாதிரித் தொங்கினார். கீழ்த் தட்டில் இருந்த அருள்ராஜ்தான் முதலில் ஏறி வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டான். இறக்கியபோது பேச்சு இல்லை, வாயோரம் நுரை. ஆம்புலன்ஸில் வந்தவர், இவருக்குச் சுகர் உண்டா, தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள் என்று இந்தியில் கேட்டார். பக்கத்திலேயே கம்பெனியின் சேஃப்டி ஆபிசர் நின்றிருந்தார். அருள்ராஜ் அவரையும் பார்த்தான், ராக்கப்பனையும் பார்த்தான். உண்டு பாய், இன்சுலின் போடுகிறார் என்று சொல்லிவிட்டான். விரலில் குத்தியபோது முப்பத்தொன்பது வந்தது. ஊசியில் குளுக்கோஸ் ஏற்றுவதற்காகக் கவரால் உடுப்பின் கையைக் கத்தரித்தார்கள். வெள்ளைப் பட்டையும் சென்சாரும் எல்லார் கண்ணிலும் பட்டன. ராக்கப்பனின் போன் அப்போதும் நூற்றுப் பத்து என்று காட்டிக்கொண்டிருந்தது. அலாரம் அடிக்கவே இல்லை.

உயிர் பிழைத்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. நோயை மறைத்து, தன் உயிருக்கும் கூட இருந்தவர்களின் உயிருக்கும் ஆபத்து உண்டாக்கினார் என்று வேலை பார்த்த கம்பெனி அறிக்கை எழுதியது. தோளில் கட்டோடு கேம்புக்குத் திரும்பிய நான்காம் நாள் கம்பெனியில் விசா வேலைகளைப் பார்க்கும் பி.ஆர்.ஓ. வந்து விசாவை ரத்து செய்வதற்கான தாளை நீட்டினார். தரையில் ஏதாவது வேலை கொடுங்கள், ஸ்டோரில் குழாய் எண்ணிக்கொண்டு இருக்கிறேன் என்று ராக்கப்பன் கேட்டார். பி.ஆர்.ஓ. நல்ல மனிதர்தான், குரலை உயர்த்தவில்லை. கலாஸ் பாய், முடிந்துவிட்டது என்றார்.

மறைத்தது தன் தப்பு என்று ராக்கப்பனுக்குத் தெரியும். அதை அவர் யாரிடமும் மறுக்கவில்லை. ஆனால் விழுந்தது மறைத்ததால் இல்லை. மறைத்துக்கொண்டு ஒரு வருஷம் விழாமல் நின்றவர் அவர். கருவி நூற்று முப்பத்தொன்று என்று சொன்னது, அதை நம்பினார், விழுந்தார். இதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், வேறு எதுவும் வேண்டாம் என்று நஸீஹா மூலமாக ஸ்ரீகாந்துக்குச் சொல்லி அனுப்பினார். இன்னொரு கம்பெனியில் கேட்டால் காட்ட ஒரு தாள் வேண்டும். அதற்கும் மேலாக, அப்படித்தான் நடந்தது என்று எங்காவது எழுதியிருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

ஸ்ரீகாந்த் ஆப்பிளும் ஆரஞ்சுமாக ஒரு பையோடு கேம்புக்கு வந்தார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, தோள் எப்படி இருக்கிறது என்று கேட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் ராக்கப்பன் பிற்பாடும் சொல்வார். தாள் தர முடியாது, தங்கள் கம்பெனி வக்கீல்கள் எழுத்தில் எதுவும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றார். அதோடு இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. சொல்வதற்கு முன் கொஞ்ச நேரம் ஆரஞ்சுப் பையின் கைப்பிடியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"உங்க ரீடிங்கை ஸ்டடில இருந்து எடுத்துட்டாங்க. நாங்க கொடுத்த பேண்டைப் போடாம வேற போட்டிருந்தீங்க இல்ல, அதனால சென்சார் மேல நேரா வெயில் பட்டிருக்கலாம்னு எழுதியிருக்காங்க. விதிமீறல்னு கணக்கு."

"அந்தத் துணிய நீங்கதான சார் படம் எடுத்தீங்க?"

"எடுத்தேன்." ஸ்ரீகாந்த் தரையைப் பார்த்தார். "ஆனா அது எந்தப் பேப்பர்லயும் இல்ல."

ராக்கப்பன் அதற்கு மேல் பட்டையைப் பற்றிப் பேசவில்லை. மற்றப் பதின்மூன்று பேரும் கறுப்புப் பட்டை போட்டவர்கள்தானே, அவர்களுக்கு வெயிலில் சரியாகக் காட்டுகிறதா என்று கேட்டார். ஸ்ரீகாந்த் பழப்பையை நகர்த்திக் கட்டிலுக்கடியில் வைத்தார். மற்றவர்களுக்கு மத்தியானத்தில் விரல் குத்திப் பார்க்கவில்லை, அதனால் தெரியாது என்பதுதான் பதில் என்று ராக்கப்பனுக்கே சொல்லாமல் புரிந்தது. விழுந்த பிறகு கிளினிக்கில் வாங்கி வைத்துக்கொண்ட என் நோட்டையாவது திருப்பிக் கொடுங்கள் என்றார். அது சோதனையின் ஆவணம், வெளியே தர அனுமதி இல்லை என்றார் ஸ்ரீகாந்த். அவர் போன பிறகு ராக்கப்பன் பழப்பையை அப்படியே மெஸ்ஸில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கிளினிக்குக்குப் போனார். கையில் மிச்சமிருந்த சென்சாரை நஸீஹா கழற்றினாள். ஈரப் பஞ்சால் அந்த இடத்தைத் துடைத்துக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"நான் உள்ளத உள்ளபடிதான் எழுதுனேண்ணே. மெஷின் இவ்வளவு காட்டுச்சு, ரத்தத்துல இவ்வளவு இருந்துச்சுன்னு. சென்சார் கம்பெனில திருப்பி அனுப்பிட்டாங்க. ரெண்டாந்தடவ அவங்களே எழுதிட்டு வந்தாங்க, நீங்க காலையில சாப்புடாமப் போயிட்டீங்கன்னு. நான் கையெழுத்து மட்டும் போட்டேன்."

அன்று காலை நாலரைக்கு மெஸ்ஸில் நான்கு சப்பாத்தியும் கடலைக் குழம்பும் சாப்பிட்டிருந்தார் ராக்கப்பன். நோட்டிலும் அது எழுதியிருந்தது. நஸீஹாவுக்கு இரண்டு குழந்தைகள். புருஷனுக்கு வேலை போய் ஐந்து மாசம் ஆகியிருந்தது. குடும்பத்தின் விசா முழுக்க அவள் வேலையின்மேல்தான் நின்றது. இதெல்லாம் அவருக்குத் தெரியும். பரவாயில்லை தாயி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பஞ்சைத் தானே வாங்கி அழுத்திப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்துவிட்டார். பஸ்ஸில் போகும்போது போன் விடாமல் அதிர்ந்தது. நோட்டின் அறுபத்து மூன்று பக்கத்தையும் அவள் ஒவ்வொன்றாகப் படமெடுத்து அனுப்பிக்கொண்டிருந்தாள். கூட ஒரு வரியும் இல்லை. அதன் பிறகு அவளுடைய எண் அவருக்கு வேலை செய்யவில்லை.

ஊரில் இடது கை தோளுக்கு மேலே தூக்க வரவில்லை. சாரம் கட்டுகிற வேலைக்கு யாரும் கூப்பிடவும் இல்லை. மூன்று மாசம் அலைந்து, பரமக்குடிப் பக்கம் மிளகாய் வற்றல் மூட்டைகளை அடுக்கிவைக்கும் குளிர்சாதனக் கிடங்கு ஒன்றில் வாசல் காவலுக்குச் சேர்ந்தார். வரும் லாரிகளின் எண்ணையும் மூட்டைக் கணக்கையும் எழுத வேண்டும். சம்பளம் நாகஜோதியின் கையில் பாதி மாசத்துக்குக்கூட நிற்கவில்லை. அவள் பரமக்குடியில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனாள். மருந்துக்கு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். ஒருநாள் அங்கே டாக்டரிடம் நோட்டின் படங்களைக் காட்டினார். பின்னால் இருபது பேர் நின்றார்கள். டாக்டர் நான்கைந்து படத்தைத் தள்ளிப் பார்த்துவிட்டு, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த வருஷம் அந்தச் சென்சார் கடைக்கு வந்தது. சின்னக் கம்பெனியைப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கிவிட்டதாக அருள்ராஜ் சொன்னான். அதற்கும் அடுத்த கோடையில் அவன் ஒரு படம் அனுப்பினான். சென்சார் டப்பாவுக்குள் வருகிற மடித்த தாள். பொடி எழுத்து வரிகளுக்கு நடுவே ஒரு வரியை அவன் சிவப்பில் வட்டமிட்டிருந்தான். ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிப்பார் ராக்கப்பன். கடும் வெயிலில் நேரடியாக வேலை செய்கிறவர்களுக்கு எண் கூடுதலாகக் காட்டக்கூடும், விரல் குத்தி உறுதி செய்துகொள்ளவும் என்று இருந்தது.

அவர் சொன்னதுதான், ஏறக்குறைய அதே வார்த்தைகளில். கிடங்கு வாசலில் வைத்து நான்கைந்து தடவை படித்தார். நாகஜோதி வந்ததும் அவளுக்குப் படித்துக் காட்டலாம் என்று முதலில் நினைத்தார். பிறகு காட்டவில்லை.

படத்தை அருள்ராஜ் அதற்காக அனுப்பவில்லை என்பது அன்று மத்தியானம் அவன் கூப்பிட்டபோது தெரிந்தது. அருள்ராஜ் சாத்தான்குளத்துப் பக்கத்துக்காரன், இவரைவிட நான்கு வயது இளையவன். ராக்கப்பன் விழுந்ததிலிருந்து கம்பெனி உஷாராகிவிட்டதாம். உயரத்தில் ஏறுகிறவர்களில் நாற்பது வயதானவர்கள், இந்த வருஷம் அட்டை வாங்குவதற்கு முன்னால் பத்து நாள் இந்தச் சென்சாரைக் கையில் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். எண் நேராகக் கம்பெனி டாக்டருக்கே போய்விடும். ஏற்கெனவே இரண்டு பேரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். இதைச் சொல்லிவிட்டு அவன் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணாச்சி, எனக்கும் இருக்கு. ஆறு மாசமாச்சு. யாருக்கும் தெரியாது."

ராக்கப்பன் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"இது எப்படிப் பண்ணுனா கம்மியாக் காட்டும்? ஒமக்குத் தெரியாம இருக்காதுல்லா?"

தெரியும். அறுபத்து மூன்று பக்கத்தில் அதுவும் எழுதியிருந்தது. ஆனால் ராக்கப்பன் அதைச் சொல்லவில்லை. டாக்டரிடம் நீயே போய்ச் சொல்லிவிடு, கீழ் வேலை கேள், மறைத்து ஏறாதே, நான் தொங்கியதைப் பார்த்தவன் நீதானே என்றார். நெடுநேரம் சொன்னார். எதிர்ப்பக்கம் கிரேன் ஓடும் சத்தமும் யாரோ ஜல்தி ஜல்தி என்று கத்துவதும் கேட்டன.

"நீரு சொன்னீரா அண்ணாச்சி?" என்றான் அருள்ராஜ். குரலில் குத்தல் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்ட மாதிரிதான் கேட்டான்.

ஒரு லாரி வாசலில் வந்து ஹாரன் அடித்தது. ராக்கப்பன் ஒற்றைக் கையால் கேட்டைத் தள்ளித் திறந்துவிட்டு, எண்ணைக் குறித்துக்கொண்டு, மறுபடியும் போனைக் காதில் வைத்தார். அவன் காத்துக்கொண்டிருந்தான். பிறகு ராக்கப்பன் சொல்லிக் கொடுத்தார். குளிர்ந்த இடத்தில் எண் இறங்கும், சாப்பிட்ட பிறகு பனிக்கட்டித் தண்ணீரில் நனைத்த துணியைச் சட்டைக்கைக்குள் சென்சார்மேல் வைத்துக்கொள். படுக்கும்போது அந்தக் கையை அழுத்திப் படு, அழுத்தினாலும் குறைத்துத்தான் காட்டும். எல்லா நேரமும் செய்யாதே, கோடு ஒரேயடியாக விழுந்தால் சந்தேகப்படுவார்கள். அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல அருள்ராஜ் ம் ம் என்று கேட்டுக்கொண்டான். கடைசியில் ராக்கப்பன் கெஞ்சுகிற மாதிரிச் சொன்னார்.

"பத்து மணிக்கு வெரலக் குத்திப் பாருடா. மெஷினு என்ன சொன்னாலும் நம்பாத. ரெண்டு பழத்தத் தின்னுட்டு ஏறு."

சரி அண்ணாச்சி என்றான்.

அவனுக்கு அட்டை கிடைத்துவிட்டது. கிடைத்த செய்தியை ஒரு வார்த்தையில் அனுப்பியிருந்தான். அதன் பிறகு ராக்கப்பன் தினமும் கிடங்கு வாசலிலிருந்து பதினொன்றரைக்குக் கூப்பிடுவார். துபாயில் அப்போது மணி பத்து. முதல் இரண்டு வாரம் அருள்ராஜ் எடுத்தான். குத்தினேன், நூற்றிருபது என்பான். குத்தாமலே சொல்கிறானோ என்று ராக்கப்பனுக்கு இருக்கும், கேட்கமாட்டார். பிறகு எடுப்பது குறைந்தது. பிறகு மணி அடித்து ஓய்ந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் இருக்கும்போது அவனிடமிருந்து குரல் செய்தி ஒன்று வந்தது. அண்ணாச்சி, டியூட்டி நேரத்துல கூப்புடாதேயும், ஃபோர்மேன் எதுக்கு தெனமும் போன்னு கேக்கான், இனிமே இந்தப் பேச்சே வேண்டாம் என்றிருந்தது. ராக்கப்பன் அதை ஒரு தடவை கேட்டுவிட்டு அழித்தார். யார் பேசியது என்று அடுப்படியிலிருந்து நாகஜோதி கேட்டாள். யாரோ நம்பர் மாறிப் போட்டுவிட்டார்கள் என்றார்.